இந்த வருஷம் ராணி அனுப்ப வேண்டாம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா வீட்டாரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மூத்தவன் பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டான், கிளினிக்கில் சேர்ந்த அன்றைக்கே என் கடைவாய்ப் பல்லைத்தான் முதலில் பிடுங்கினான், வலித்தது, ஆனாலும் வலிக்கவே இல்லை என்று வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு வந்தேன். உன் மகன் நீச்சலில் இரண்டாவதாக வந்ததைப் போனில் சொன்னாயே, எத்தனையாவது என்று யாராவது கேட்டால்தானே, நான் கப் வாங்கினான் என்று மட்டும் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். அக்காவின் சின்னவள், நம்ம வாலு, விவசாயக் கல்லூரியில் கடைசி வருஷம், எங்களோடு தங்கித்தான் படிக்கிறாள். அவள் வாங்கிய மார்க்கைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் மூன்று தரம் சொன்னதில் அந்த அம்மாவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வாலு செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரல் கொஞ்சம் சுருங்கினாலும் எனக்குத் தாங்காது, அதனால் எழுதுகிறேன்.

நம்ம தேனீப் பெட்டிகளுக்கென்று நீ போன வருஷம் அங்கேயிருந்து அனுப்பிய பன்னிரண்டு ராணித் தேனீயும் பார்க்க அவ்வளவு லட்சணம். மஞ்சள் உடம்பு, முதுகில் கலர்ப் புள்ளி, ஒரு பக்கச் சிறகு நறுக்கி, பெட்டியைத் திறந்த உடனே கண்ணில் படும். முதல் பூவுக்குத் தேனும் கொட்டியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டபோது அவை நிறுத்தவே இல்லையப்பா, வெளியே ஒரு பூ இல்லை, உள்ளே முட்டைமேல் முட்டை. அத்தனை வாய்க்கும் எங்கே போவது, இருந்த தேனையெல்லாம் தின்று தீர்த்துப் பட்டினியில் போய்விட்டன. உன்னிடம் இரண்டு பெட்டிதான் போச்சு என்று சொன்னோம். இரண்டு இல்லை, ஏழு. நீ ஆசையாக அனுப்பியதாயிற்றே என்று அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார், நானும் சரி என்றேன்.

சுவர் ஓரத்தில் இருக்குமே கறுப்புப் பெட்டி, நம்ம ஊர்த் தேனீ, அது அந்த மழையிலும் அசையவில்லை. பூ குறைந்தால் அந்த ராணி முட்டையைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்தும். அதன் புழுவை எடுத்து நாமே ராணி வளர்க்கலாம், மாமா இனிமேல் வாங்க வேண்டாம் என்று வாலு ஆரம்பித்தாள். அப்பா ஒரே பிடிவாதம். வெளிநாட்டு ராணி கல்யாணம் முடிந்து வருகிறது, வந்த வாரமே வேலையில் இறங்குகிறது, நீ வளர்க்கும் குமரி பறந்து போய் ஆண் தேனீக்களைத் தேடிச் சேர்ந்து பத்திரமாகத் திரும்புவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ராணி வளரும் மெழுகு அறை எட்டு, அதில் ஐந்து ராணி முட்டையிட்டால் உனக்கு வேண்டாம் என்று எழுதுவது, ஒன்று குறைந்தாலும் இந்த மாசக் கடைசிக்குள் வழக்கம்போல் பன்னிரண்டு அனுப்பச் சொல்வது, அதற்கப்புறம் வாலு வாயைத் திறக்கக் கூடாது.

எட்டில் ஒன்று பொரிக்கவே இல்லை. ஏழு ராணி வந்தது, ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் விட்டு, கொஞ்சம் தேனீயும் துணைக்கு வைத்தாள். இங்கேதான் உன் அம்மா புத்திசாலித்தனம் காட்டினாள். தேனீ சங்கத்துத் தலைவர் பார்க்க வருகிறார் என்றார்கள். நம்ம ராணி கறுப்பாக, புள்ளி இல்லாமல், மொட்டையாக நிற்கிறதே, நீ அனுப்பும் டப்பியில் வந்தவற்றுக்கு இது குறைச்சலா என்று எனக்கு ரோஷம். வாலு குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு ராணியைப் பிடித்து அவளுடைய நகப்பாலிஷில் ஒரு புள்ளி வைத்து, எம்பிராய்டரிக் கத்தரியால் சிறகையும் அழகாக நறுக்கிவிட்டேன். கல்யாணத்துக்குப் பறந்து போக வேண்டிய பெண், சிறகு இல்லாமல் எப்படிப் போகும். எனக்குத் தெரியாததா, ஆனால் பத்து வருஷமாக டப்பியில் வந்ததையே பார்த்துப் பார்த்து, ராணி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கண் பழகிவிட்டது. நறுக்கிய பிறகுதான் உறைத்தது, பயந்து மூடிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மீதி ஆறும் மத்தியான வெயிலில் பறந்தன. ஒன்றைக் கம்பியில் உட்கார்ந்திருந்த பச்சைக் குருவி கொத்திக்கொண்டது, ஒன்று திரும்பும்போது பெட்டி மாறி நுழைந்து அந்தப் பெட்டித் தேனீக்களிடம் மாட்டி உயிரை விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தோம், நான்கில் முட்டை. நான் கைவைத்த ராணியின் பெட்டியைத் திறந்ததும் ரோஸ் புள்ளியோடு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, ஒரு முட்டை இல்லை. வாலு அந்தப் புள்ளியைப் பார்த்தாள், என் விரல் நகத்தில் இன்னும் போகாத ரோஸ் கறையைப் பார்த்தாள். நான்குதான் தாத்தா, மாமாவுக்கு எழுதிவிடுங்கள் என்று நோட்டை மூடினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குப் பொறுக்கவில்லை, நான்தான் நறுக்கினேன், அவள் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது என்று அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

அவர் தொண்டையைச் செருமினார். நம்ம வீட்டு மனுஷன் தோற்கும்போதுதான் தொண்டையைச் செருமுவார் என்று உனக்குத் தெரியுமே. "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கு, அதையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். என்ன பெட்டி என்கிறாயா, வாலு அறைகளைப் பிரிக்கும்போது ஒன்று கோணலாக இருக்கிறது, தேறாது என்று எட்டோடு சேர்க்காமல் ஒதுக்கியிருந்தாள். அதை இவர் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டோடு கொண்டுபோய், பழைய பெட்டியில் கொஞ்சம் தேனீயோடு வைத்து, மூன்று வாரமாக மோட்டார் ரிப்பேர் மோட்டார் ரிப்பேர் என்று தினம் அங்கேயே போய் உட்கார்ந்திருக்கிறார். நானும் நல்ல மோட்டாருக்கு என்ன கேடு என்று சண்டை பிடித்திருக்கிறேன். திறந்தால் தேனடை முழுக்க முட்டை, அறைக்கு ஒன்றாக, கோலப்புள்ளி மாதிரி. தாத்தா, நீங்க எந்தக் கட்சி என்று வாலு கேட்டதற்கு, வெளிநாட்டுக் கட்சிதான், இது சும்மா வீணாப் போக வேண்டாமேன்னு வெச்சேன் என்கிறார். ஐந்து ஆகிவிட்டதப்பா.

அதனால் இந்த வருஷம் ராணி அனுப்ப வேண்டாம், ஆர்டர் கொடுத்திருந்தால் நிறுத்திவிடு. நீ அனுப்பியது பிடிக்கவில்லை என்று நினைக்காதே, பன்னிரண்டில் பிழைத்த ஐந்தும் இன்னும் நம்ம பெட்டியில்தான் இருக்கின்றன, ராசாத்திகள் மாதிரி வைத்திருக்கிறோம். இந்த வீட்டில் உனக்குப் பங்கு இருக்க நீ எதையும் வாங்கி அனுப்ப வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. ராணி வரும் பார்சலின்மேல் விலாசம் உன் கையெழுத்தில் இருக்கும், அந்தத் தாளையெல்லாம் கிழிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன், இனி அது வராது. பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சுவரில் இருக்கும் போட்டோவில் உனக்குத் தலை நிறைய முடி, இப்போது நெற்றி ஏறிவிட்டது என்று மருமகள் சொல்லிவிட்டாள், மறைக்காதே. போனில் அனுப்பும் போட்டோ என் கண்ணுக்கு எட்டுவதில்லை. தொப்பி போடாமல் மூன்று பேருமாக ஒரு புது போட்டோ எடுத்து, கவரின்மேல் விலாசத்தை நீயே எழுதி, தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் போட்டோவுக்கு ஆணி அடித்து வைத்திருக்கும்
அம்மா