ஸ்டாக்கில் ஏறிய பொத்தான்கள்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தீபிகாவுக்கு,

பானுப்பிரியா எழுதுவது. தோஹாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்து ஆரம்பித்து அழித்துவிட்டேன். இவ்வளவு கோபத்தைக் கட்டைவிரலால் எழுத எனக்கு வரவில்லை.

உன் அப்பாவை ஆவடி மார்க்கெட்டில் பார்த்தேன். முட்டி வலி பரவாயில்லையாம். பொங்கலுக்கு நீ வருகிறாயா என்று என்னைக் கேட்கிறார். நான் யாரைக் கேட்பது?

நீ போன பிறகு உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஒன்பதும் பத்தும் என் தலையில்தான். ஆங்கில இலக்கியம் என்றால் இங்கே என்னவென்று உனக்குத் தெரியும். கதையைப் படிக்க வேண்டாம், கைடில் இருக்கும் பாராவை உருப்போட்டால் போதும். ஸ்மார்ட் போர்டு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தூசி படியக் கூடாதென்று போர்த்திய பிளாஸ்டிக்கை இன்னும் எடுக்கவில்லை. இப்போது அந்தப் பிளாஸ்டிக்மேல் தூசி.

இந்த லட்சணத்தில்தான் உன் பார்சல் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேசும் பொத்தான்கள் எனக்குப் பெரிய வரம். செல்போனில் பெண்பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்தால் வீட்டில் சண்டைக்கு வருவார்கள். இதில் அந்தப் பயம் இல்லை. ஒரு பக்கம் அழுத்திப் பேச வேண்டும், மறுபக்கம் அழுத்தினால் பேசியது கேட்கும், அவ்வளவுதான். பாடத்தில் வரும் ஆட்களை ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் போய்த் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள்.

பத்து ‘பி’யில் மதிவதனி என்று ஒரு பெண். நீ போன பிறகு வந்தவள். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவளுக்குக் கலங்கரை விளக்கத்துக் கிழவி பாத்திரம் விழுந்தது. விளக்கை அணைக்கச் சொல்லும் கப்பல் அதிகாரியிடம், அணைக்கச் சொல்ல நீ யார் என்று கிழவி கேட்கும் இடம். மஞ்சள் பொத்தானை எடுத்துக்கொண்டு போனாள், ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்து மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அழுத்தினேன். தீபிகா, அந்த ஆங்கிலத்தில் பிழை இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தில் பிழையே இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், “மிஸ், இன்னொரு தபா போடுங்க” என்றான். அதன் பிறகு அந்த மஞ்சள் பொத்தானை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. அடுத்த வாரம் என்னிடம் வந்து, அந்தக் கிழவி எங்கே தூங்குவாள் மிஸ் என்று கேட்டாள். அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பெருமை தாங்காமல் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். உனக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவார் என்று நினைத்தேன். ஜெயராமன் சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஸ்டாக்ல ஏத்தியாச்சா?” என்றார். ஸ்டாக் பதிவேட்டில் ஏற்றினேன், என் அழகான கையெழுத்தில். ‘விளையாட்டுச் சாமான்’ என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் கையிலேயே இருந்திருக்கும். மகா புத்திசாலி நான், ‘மின்னணுக் கற்பித்தல் சாதனம்’ என்று எழுதினேன். மின்னணுச் சாமான் என்றால் புரொஜெக்டர் இருக்கும் பீரோவுக்குள் போக வேண்டுமாம், சாவி அவரிடம். அன்று மாலையே பூட்டிவிட்டார்.

அவரைத் திட்டவும் முடியவில்லை. மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு முன்னால் இருந்தவருக்குக் காணாமல் போன ஒரு குளோபுக்காகப் பென்ஷனை நிறுத்தி வைத்தார்களாம். “ஆடிட் முடியட்டும் மேடம், அப்புறம் உங்க இஷ்டம்” என்கிறார். ஆடிட் முடியும்போது பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பேட்டரி தீர்ந்தால் ‘பழுது’ என்று எழுத வேண்டுமாம். ஒரே ஒரு நாள், அவர் கண் முன்னாலேயே அழுத்திக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மதிவதனி பழையபடி கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் விடவில்லை, நேரில் பேசிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன். பொத்தான் வரட்டும் மிஸ் என்று காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள்.

அவளுடைய அம்மா பொன்னியம்மா மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறார். நல்ல மனுஷி. என்னிடம் வந்து, “வாயே தொறக்காத பொண்ணு மிஸ். ப்ளஸ் ஒன் போயி இன்னா பண்ணப் போவுது? எங்கூடவே வந்துகினு போயிகினு இருந்தா நம்ம கண்ணு முன்னால கீதுன்னு நெஞ்சு நெறஞ்சிருக்கும்” என்கிறார். சூப்பர்வைசரிடம் பேசியும் வைத்துவிட்டார். பொங்கல் கழிந்து பெற்றோர் கூட்டம். அன்று வந்து முடிவு சொல்வதாகப் போயிருக்கிறார். அவர் மகள் பேசுவாள் என்று நான் வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அவர் காதால் கேட்க வேண்டும். அந்தக் குரல் பீரோவுக்குள் இருக்கிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இன்னும் சாமான் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுது. அந்தப் பார்சல் அங்கே நீ வேலை பார்க்கும் பள்ளிக்குச் சொந்தமானது, தவறுதலாக அனுப்பிவிட்டாய், உடனே திருப்பித் தர வேண்டும் என்று எழுது. கொஞ்சம் கறாராகவே எழுது. பானுப்பிரியா டீச்சரிடம் கொடுத்தால் அனுப்பிவைப்பார் என்று சேர்த்துக்கொள். திருப்பித் தந்ததற்கு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் அடித்துவிடுவார், அவர் பென்ஷனுக்கும் ஆபத்தில்லை. பெட்டி என் கைக்கு வந்துவிடும்.

பொய்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்கு இங்கே நல்ல பெயர். நீ எழுதும் கடிதம் இங்கே வந்த அன்றே அது போய்விடும். பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். வெளிநாடு போனதும் புத்தி மாறிவிட்டது என்பார்கள். உனக்காக ஒரு வார்த்தை பேச முடியாமல் நான் அங்கேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன்.

உன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். பொங்கலுக்கு உன்னால் வர முடியாவிட்டாலும் அந்தக் கடிதம் வந்துவிடட்டும், தீபிகா. அந்தப் பெண்ணுக்காக உன் நல்ல பெயரை எனக்குக் கொடு.

உன் தோழி,
பானுப்பிரியா