நிற்கிற பம்பின் வெள்ளைக் கோடு

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துச் சுக்குக் கிடங்கு பூட்டியிருக்கிறது. அதனால் எங்கள் பீரோவில் ஒட்டியிருக்கும் மருந்துச் சீட்டு அசையாமல் தொங்குகிறது. வாரத்தில் மற்ற ஆறு நாளும், கிடங்கில் சலிக்கும் மெஷினைப் போட்டதும், சுவர் வழியாகவும் தரை வழியாகவும் அந்த அதிர்வு வந்து பீரோவில் ஏறிவிடும். சீட்டின் கீழ் விளிம்பு மெஷின் நிற்கும்வரை துடித்துக்கொண்டே இருக்கும். பழகிப்போனதால் நான் அதைக் கவனிப்பதில்லை. இன்று அது சும்மா இருந்ததுதான் கண்ணில் பட்டது.

அந்தச் சீட்டைப் பிடித்திருப்பது நீ விட்டுப்போன காந்தம். மெஷின்மேல் சென்சாரைப் பிடித்து நிறுத்துவதற்கு நமக்குக் கொடுத்திருந்தார்களே, அதுதான். ஓரம் உடைந்ததென்று ஆபீசில் வேறொன்று தந்தார்கள். நீ பழையதைத் தூக்கியெறியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தாய். முதன்முதலில் அதை ஒரு மோட்டாரிலிருந்து பிடுங்க முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறது: "நேரா இழுத்தா வராதுட்டி. ஒரு ஓரமா சரிச்சு எடு."

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஐஸ் கம்பெனி, மீன் பதப்படுத்தும் இடம், ஆஸ்பத்திரி ஏசி அறை என்று ஊர் முழுக்கச் சுற்றி, ஓடுகிற மோட்டாரிலும் பம்பிலும் சென்சாரை வைத்து அவை எவ்வளவு நடுங்குகின்றன என்று அளப்போம். நடுக்கத்தின் கோட்டுப்படத்தைப் பார்த்து, எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறதா, தண்டு நேர்கோட்டில் இல்லையா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லுவோம். நீ கோவில்பட்டியிலிருந்து வந்து, இங்கே தேவராவில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாய். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். நான் பேசும்போது நீ விரல் விட்டு மலையாளச் சொற்களை எண்ணுவாய். பிறகு ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்குத் தமிழ்ப் புத்தகங்கள் கொண்டுவந்தாய். இதை நான் தமிழில் எழுத முடிகிறதென்றால் அதனால்தான்.

தோப்பும்படி ஐஸ் கம்பெனிக்கு மாதம் ஒருமுறை போவோம். அங்கே ஒரே சிமெண்டுத் தளத்தில் இரண்டு பம்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று எப்போதும் ஓடும். மற்றது ஸ்டாண்ட்பை, ஓடுவது கெட்டால் போட வேண்டியது. அங்கிருந்த ஆபரேட்டர் சேட்டனுக்கு அந்த நிற்கிற பம்பின்மேல் தனிப் பிரியம். பச்சை பெயின்ட் அடித்து, தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். "இவன் மணவாளனல்லே" என்பார். கல்யாண மாப்பிள்ளையாம். ஓடுகிற பம்பைத்தான் நாம் அளப்போம். நிற்கிறதை யார் அளப்பார்கள்? எல்லோரும் செய்வதுபோல, நிறுத்தத்தில் உள்ளது, நல்ல நிலை என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

ஒருநாள் ஓடுகிற பம்பில் தண்ணீர் கசிந்ததால் மணவாளனைப் போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் அது ஊளையிட ஆரம்பித்தது. துறைமுகத்தில் படகுகள் ஐஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. நாம் போய் நின்றபோது மேனேஜர் சத்தம் போடவில்லை. எதை வைத்து நல்ல நிலை என்று எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. கையெழுத்து உன்னுடையது. உன் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அது போனால் நீ கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டும். அங்கே உனக்கென்று பார்த்துவைத்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முடிக்கத் தயாராக இருந்தார்கள். என் காதருகே வந்து, "மணவாளன் ஒருத்தன் போதாதுன்னு இன்னொருத்தன் வேறயா" என்று நீ முணுமுணுத்தாய்.

பேரிங்கைக் கழற்றச் சொன்னாய். உள்வளையத்தைத் துடைத்துப் பார்த்தபோது, குண்டுகள் உட்காரும் இடங்களில், சம இடைவெளி விட்டு, ஏணிப்படிபோல் குறுக்குத் தழும்புகள். சேட்டனால் நம்பவே முடியவில்லை. இது ஓடவேயில்லையே, பிறகெப்படித் தேயும் என்று நம்மிடமும் மேனேஜரிடமும் மாறி மாறிக் கேட்டார். கசிந்தாலும் பரவாயில்லை, பழைய பம்பைச் சற்று நேரம் ஓட்டுங்கள் என்றாய். அது ஓட ஆரம்பித்ததும் சென்சாரை நிற்கிற பம்பின்மேல் வைத்தாய். திரையில் கோடு எழுந்தது.

"பாத்தியா? நின்னுக்கிட்டே அடி வாங்கிருக்கு."

பக்கத்துப் பம்பின் நடுக்கம் தளத்தின் வழியாக இதற்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஓடுகிற பேரிங்கில் கிரீஸ் குண்டுகளோடு சேர்ந்து சுற்றிவந்து எல்லா இடத்தையும் காக்கும். நிற்கிறதில் குண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து அதிர்ந்து அதிர்ந்து கிரீஸை ஒதுக்கிவிடும். பிறகு இரும்பு இரும்பைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும். நீ இதை விளக்கி முடித்ததும் மேனேஜர் இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இரண்டு பம்புகளையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும் என்றாய். அதோடு, நிற்கிறதன் தண்டை வாரம் ஒருமுறை கையால் கால் சுற்று திருப்பிவிட வேண்டும், குண்டுகள் இடம் மாறி உட்கார. தண்டின் இணைப்பில் வெள்ளை பெயின்டால் நீயே ஒரு கோடு போட்டாய். போன வாரம் இருந்த இடத்திலேயே கோடு இருந்தால், யாரும் திருப்பவில்லை என்று அர்த்தம். உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிறன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். கப்பக்கிழங்கும் மீன்குழம்பும். அன்று கிடங்கில் அவசர லோடு என்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்து, உடைந்த காந்தத்தோடு சென்சாரைப் பீரோவில் ஒட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டாய்:

"ஆண்ட்டி, உங்க பீரோ ஓடிட்டு இருக்கு. எண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா?"

"இது என் கல்யாணத்துக்கு வாங்கினதாக்கும் மோளே. இன்னிவரைக்கும் ஒரு கேடும் இல்லே."

நீ சிரித்த சிரிப்பில் உனக்குப் புரையேறியது. அந்தச் சாப்பாட்டின்போதுதான் அம்மா என்னைப் பற்றியும் சொன்னாள். சென்னையில் பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணிக்குப் பிரசவம், அதனால் நான் போகவில்லை. அதற்கு முன்பு சித்தியின் ஆபரேஷன். அண்ணன் மஸ்கத்தில். "இவ இங்கத்தன்னெ இருக்கட்டும். ஒரு ஆவசியம் வந்தா ஆள் வேண்டாமா?" என்றாள் அம்மா, உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டே. எவ்வளவு அன்பாகச் சொன்னாள். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். மீட்டரைக் கழற்றிக்கொண்டு, காந்தத்தை மட்டும் பீரோவிலேயே விட்டுவிட்டுப் போனாய்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் என்னைப் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனாய். எறணாகுளம் போகும் படகில் ஏறினோம். அங்கே ஒரு சாயா குடித்தோம். திரும்பி வந்தோம். எதற்கு என்று கேட்டேன்.

"கால் சுற்று. இதுக்குப் பேரு விடுதலையில்லட்டி. ஒரே இடத்துல தேயாம இருக்கதுக்கு."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அது வழக்கமாயிற்று. நான் படித்த நாவல்களில் அடைபட்டவர்களுக்கு ஒரு சுவர் இருக்கும், காவல் இருக்கும், வெறுக்க ஒரு முகமாவது இருக்கும். எங்கள் வீட்டில் யாரை வெறுப்பது? என் துணிகளை மடித்து வைப்பவளையா? இதை நான் படகில் சொன்னபோது நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, பச்சை பெயின்ட் என்றாய், அவ்வளவுதான்.

பிறகு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மாநகராட்சித் தெருவிளக்குகளுக்காக ஏணி ஏணியாக ஏறியவர், இப்போது முன்னறைக் கட்டிலில் வலது பக்கம் அசையாமல் கிடக்கிறார். நான் வெளிவேலையை விட்டுவிட்டு, மற்றவர்கள் அளந்து அனுப்பும் கோடுகளை வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவும் நானும் சேர்ந்து அவரை நேரத்துக்கு நேரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறோம். அப்போதும் நீ சனிக்கிழமைகளில் வந்தாய். படகுத்துறை வரை போக முடியாவிட்டால் தெருமுனை வரை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. உன் உடலைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோன ஆம்புலன்சில் உன் அண்ணனோடு நானும் ஏறினேன். அம்மாவால் தனியாக அப்பாவைத் திருப்ப முடியாது. அதனால் வழியிலேயே வைட்டிலாவில் இறங்கிக்கொண்டேன். வண்டி தெற்கே திரும்பிப் போகும்வரை அந்தச் சந்திப்பில் நின்றேன். பிறகு மட்டாஞ்சேரி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அதன்பின் நான் படகில் ஏறவில்லை.

சென்ற வாரம் ஆபீசிலிருந்து கேட்டார்கள். தோப்பும்படிச் சுற்றுக்கு ஆள் வேண்டும். திரும்பி வருகிறாயா, இல்லை வீட்டிலிருந்து பார்க்கும் வேலையையே நிரந்தரமாக எழுதிவிடலாமா என்று. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அண்ணன் போனில், வீட்டிலிருந்தே வேலை என்றால் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சரி என்று எழுதவே உட்கார்ந்தேன். இந்த மாதத்துக் கோடுகளில் ஐஸ் கம்பெனியின் நிற்கிற பம்புக்கு எதிரே மறுபடியும் அதே இரண்டு சொற்கள் இருந்தன: நல்ல நிலை.

நேற்றுக் காலை, மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோப்பும்படிக்குப் போனேன். அம்மோனியா வாடை அப்படியே இருந்தது. சேட்டன் கொஞ்சம் நரைத்திருந்தார். நான் நேராகப் பம்பருகே போய்க் குனிந்து பார்த்தேன். உன் வெள்ளைக் கோடு நாம் கடைசியாகப் பார்த்தபோது மேலே இருந்தது. இப்போது பக்கவாட்டில் இருந்தது. பழைய பெயின்ட் உதிர்ந்ததன்மேல் யாரோ புதிதாக இழுத்திருந்தார்கள்.

"அந்த மோள் சொல்லீட்டுப் போயதல்லே," என்றார் சேட்டன். "எல்லா சனியாழ்ச்சையும் நான்தான் திருப்புறது. இன்னிக்கு நீ திருப்பிக்கோ."

இரண்டு கையாலும் பிடித்தேன். முதலில் வரவில்லை. பிறகு உள்ளுக்குள் கிரீஸ் இளகுவது தெரிந்தது. எந்தத் தடங்கலும் இல்லாமல் கோடு கீழே போயிற்று.

வீட்டுக்கு வந்து, மருந்து வாங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். எங்கே போனேன் என்றும் சொன்னேன். திங்கள் முதல் வேலைக்கு வெளியே போகப்போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா அப்பாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து, அப்பாவின் தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்தாள். நான் எழுந்தேன். வேண்டாமென்று தலையசைத்தாள். மூச்சு வாங்க, கட்டிலில் முழங்காலை ஊன்றி, அவரைத் தனியாகவே மறுபக்கம் சாய்த்துவிட்டாள்.

"அப்பாவெ நான் திருப்பிக் கெடத்திக்கறேன். நீ போ. சாயங்காலம் இங்கெ வந்துடணும்."

சாயங்காலம் வந்துவிட வேண்டும். என்னைக் கட்டியிருக்கும் கயிற்றின் நீளம் தோப்பும்படி வரைதான். அது எனக்குத் தெரியும், நீயும் கால் சுற்றைவிடப் பெரிதாக எதையும் சொன்னதில்லை.

சற்றுமுன் ஆபீசுக்கு எழுதி அனுப்பிவிட்டுப் பையை எடுத்து வைத்தேன். பிறகு பீரோவிலிருந்து காந்தத்தை எடுக்கப் போனேன். நேராக இழுத்தேன், வரவில்லை. ஒரு ஓரமாகச் சரித்தேன். வந்தது. அதன் கீழே இருந்த மருந்துச் சீட்டை அம்மா வாங்கி, பீரோவின் கைப்பிடியில் செருகிவிட்டாள். நாளை காலை கிடங்கில் மெஷினைப் போடுவார்கள். சீட்டு நடுங்கும்போது பார்ப்பதற்கு நான் இங்கே இருக்க மாட்டேன். காந்தம் என் பைக்குள் இருக்கும்.