உங்கள் தொண்ணூறு, என் தொண்ணூறு

கட்கி, புனே
2.7.2004

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீலா எழுதறேன். போன்ல பேசினா உங்களுக்குக் காது சரியா கேக்கறதில்லைன்னு மாப்பிள்ளை சொன்னாரு, அதான் லெட்டர். நானும் இவரும் உடம்பு சுகம். மனசுதான் சுகம் இல்லை. நேத்து பம்பாய் போய் வந்த கூத்தைக் கேளுங்க.

காவ்யாவை ப்ளேன் ஏறவே கூடாதுன்னு ஜெர்மனி டாக்டரம்மா சொன்னது உங்களுக்கும் தெரியும். போன வருஷம் நாலாம் மாசத்துல கலைஞ்சதுலேர்ந்து அவங்க ரொம்பக் கறார். தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு இங்க வர முடியலைன்னா நான் அங்க போறதுதானே முறை? காலையில சிங்கட் எக்ஸ்பிரஸைப் பிடிச்சு இவரையும் இழுத்துக்கிட்டுப் போனேன். தூதரகத்துல கவுன்ட்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. எத்தனை நாள் இருக்கப் போறீங்கன்னு கேட்டா. ஆறு மாசம்னேன். எதுக்கு ஆறு மாசம்னா. குழந்தைக்குத் தலை நின்னாத்தான் பெத்தவளால தனியா சமாளிக்க முடியும்னு ஹிந்தியில விளக்கமா சொன்னேன். அவ ஃபாரத்தை அப்படியே திருப்பித் தள்ளிட்டா. பாக்கப் போறவங்களுக்குத் தொண்ணூறு நாள்தானாம். ஆறு மாசத்துக்குள்ள மூணு மாசம், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாதாம். வேற ஃபாரம் எழுதி, வெயில்ல மறுபடியும் நின்னு, குடுத்துட்டு வந்தோம்.

அதனால உங்களைக் கேக்கறேன். முதல் தொண்ணூறு நான், அடுத்த தொண்ணூறு நீங்க. மாப்பிள்ளை வாரத்துல நாலு நாள் வெளியூர் வேலைக்குப் போயிடறாரு, அவளைத் தனியா விட முடியாது. ஆவணி பொறந்ததும் ஆகஸ்ட் 20 நான் அங்க இறங்கறேன். 27 வெள்ளிக்கிழமை, ஏழாம் மாசம், வளைகாப்பு. பிரசவத்துக்கு நவம்பர் 8 தேதி குடுத்திருக்காங்க. சரின்னு ஒரு வரி எழுதுங்க.

அன்புடன்,
நீலா பாலச்சந்திரன்


அரக்கோணம்
10.7.2004

அன்புள்ள சம்பந்தி நீலா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பம்பாயில் நீங்கள் பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். முறை வைத்துப் போவதில் எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் தேதியில் எனக்கு உடன்பாடில்லை. ஆகஸ்ட் 20 இறங்கினால், நவம்பர் 17-உடன் உங்கள் தொண்ணூறு முடிகிறது. இறங்கும் நாளும் கணக்கில் சேரும், ஏறும் நாளும் சேரும். குறித்த தேதிக்கும் அதற்கும் இடையே ஒன்பதே நாள். தலைச்சன் தாமதமாகப் பிறப்பது சகஜம். வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் போட்டாலும் குற்றமில்லை, எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் போனீர்களானால் பிரசவத்துக்கும் இருப்பீர்கள், பிறகு இரண்டு மாதம் பத்தியமும் பார்ப்பீர்கள். பிறகு நான் வருகிறேன். யோசித்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நாகரத்தினம்


கட்கி
19.7.2004

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்க முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க, உங்க லெட்டரைப் பிரிச்சதும் நானே கையைக் கட்டிக்கிட்டுத்தான் படிச்சேன். ஆனா இதுல நான் உங்க பேச்சைக் கேக்கறதா இல்லை, கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுல ஏழாம் மாசம்தான். என் அம்மா எனக்குப் போட்டது ஏழாம் மாசம். அதை விடுங்க. போன வருஷம் அஞ்சாம் மாசத்துக்குன்னு நான் முன்னாடியே வாங்கி வச்ச வளையல் இன்னும் பீரோவுல கிடக்கு, அதை எடுக்கவும் முடியலை, தூக்கிப் போடவும் முடியலை. ஒன்பதாம் மாசம் வரைக்கும் நான் இங்க உக்காந்துக்கிட்டு தினமும் போன் அடிச்சா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடணுமா? என்னால ஆகாது. அவ கையில வளையல் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.

நாள் பத்தாதுங்கறீங்க. எங்க காலனியில காளே அம்மா அமெரிக்கா போனாங்க, அங்கயே ஒரு ஃபாரம் குடுத்து இன்னும் ஆறு மாசம் வாங்கிட்டாங்க. போய் உக்காந்துட்டா யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ள மாட்டாங்க. விசா வந்தாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. நீங்க சென்னையில உங்க விசாவுக்கு ஏற்பாடு பண்ணுங்க.

அன்புடன்,
நீலா


மன்ஹைம், ஜெர்மனி
9.10.2004

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்க காவ்யா சுகம். மாப்பிள்ளை சுகம். வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சு. அஞ்சு வகை சாதம் பண்ணினேன். காவ்யா ஆபீஸ்லேர்ந்து ஆறு ஜெர்மன்காரிங்க வந்தாங்க, ஒருத்தி கையிலயும் வளையல் ஏறலை, அம்மாடி, என்ன மணிக்கட்டு! சோப்பு போட்டு ரெண்டு பேருக்கு ஏத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. காவ்யா கண்ணு நிறைஞ்சு போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க ஆபீசுக்குப் போனோம். ஒரு ஆபீசர் என் பாஸ்போர்ட்டைப் பிரிச்சு, காலண்டரை மேஜையில வச்சு, பேனாவால ஒவ்வொரு கட்டமா தொட்டு எண்ணி, நவம்பர் 17-ல வட்டம் போட்டுக் காட்டினான். அவ்வளவுதானாம். பிரசவம் நோய் இல்லையாம், நீட்டிக்க அது காரணமே ஆகாதாம். உன்னை யாருடா பெத்தாங்க, வானத்துலேர்ந்து குதிச்சியான்னு கேளுடீன்னேன். காவ்யா, "அம்மா, இதெல்லாம் என்னால ஜெர்மன்ல சொல்ல முடியாது, சும்மா இரு"ன்னு என் கையைக் கிள்ளினா. பக்கத்து நாட்டுக்கு ஒரு நாள் போய்ட்டு வந்தா புதுசா எண்ணுவாங்களான்னு கேட்டோம். எல்லா நாடும் ஒரே கணக்காம். இங்க எங்க போய் முட்டினாலும் அதே சுவருதான்.

உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். உங்க டிக்கெட் நவம்பர் 23-க்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு. அதை 14-க்கு மாத்துங்க. குழந்தை தள்ளிப் போச்சுன்னா, நான் ஏறின பிறகு இவ பக்கத்துல பெரியவங்கன்னு ஒருத்தர் வேணும். நீங்க வந்து நின்னாத்தான் என்னால ப்ளேன் ஏற முடியும்.

நீலா


அரக்கோணம்
20.10.2004

அன்புள்ள சம்பந்தி நீலா அவர்களுக்கு,

உங்கள் கவலை புரிகிறது. ஆயினும் டிக்கெட்டை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

14-ஆம் தேதி வந்தால் கடைசியில் ஒன்பது நாள் எனக்குக் குறையும். நீங்கள் இருக்கும்போதே நானும் இருந்தால் இருவருடைய நாளும் ஒரே சமயத்தில் செலவாகும். யாருக்கு லாபம்? பிப்ரவரியில் காவ்யா தனியாக நிற்பாள், அதை யோசித்தீர்களா? என் பிள்ளை அச்சு அந்த வாரம் விடுப்பு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். மருத்துவமனை பத்து நிமிடத் தூரம். அந்த நாட்டில் தாதிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். 23-ஆம் தேதி வருகிறேன்.

ஜூலையிலேயே சொன்னேன். இனி அதைப் பேசிப் பயனில்லை.

இப்படிக்கு,
நாகரத்தினம்


கட்கி
20.11.2004

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பேத்தி பொறந்த விஷயம் மாப்பிள்ளை சொல்லியிருப்பாரு. எப்படிப் பொறந்தான்னு நான் சொல்றேன், ஆற அமரக் கேளுங்க. இந்த லெட்டர் உங்க கையில வந்த பிறகுதான் நீங்க ப்ளேன் ஏறணும்னு கூரியர்ல போடறேன்.

17-ஆம் தேதி காலையிலயே காவ்யாவுக்கு இடுப்பு வலி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாப்பிள்ளை, ஒரே ஒரு நாள் இருந்துடறேன், அந்த ஆபீசர் என்ன பண்ணிடுவான்னேன். அத்தை, பாஸ்போர்ட்டுல கெட்ட பேரு விழுந்துச்சுன்னா இனிமே விசாவே குடுக்க மாட்டாங்க, குழந்தையைப் பாக்கவே முடியாம போயிடும்னாரு. காவ்யாவும், வெறும் வலிதான் போம்மா போம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. போனேன். கதவுல சாஞ்சு நின்னு கையை ஆட்டினா. என்னை ஏர்போர்ட்டுல விட்டுட்டு மாப்பிள்ளை திரும்பி வர்றதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சு, தானே ஆம்புலன்சுக்கு போன் பண்ணி, தானே பையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்கியிருக்கா என் பொண்ணு. வளைகாப்பு போட்ட கையால மாடிப்படியைப் பிடிச்சுக்கிட்டு. நான் அப்ப ஆகாசத்துல, எவனோ குடுத்த ஜூசைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கட்கியில வாசல்ல கார் நின்னதும் இவரு போனைக் கையிலயே வச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. பேத்தின்னாரு. நான் தரையிலயே உக்காந்துட்டேன். சந்தோஷம்னு நினைச்சாரு. எனக்கு வந்தது ஆத்திரம். அந்த ஆபீசர் மேல, என் மேல, உங்க மேல.

ஆமாம், உங்க மேலயும்தான். நான் முட்டாள், ஏழாம் மாசம்னு குதிச்சேன், ஒத்துக்கறேன். நீங்க கையில விசாவை வச்சுக்கிட்டு ஒன்பது நாளை மிச்சம் பிடிச்சீங்க. அந்த ஒன்பது நாள் உங்ககிட்ட பத்திரமா இருக்கா? நல்லா இருங்க. நீங்க சொன்னது சரின்னு ஆயிடுச்சு, அதுல உங்களுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்.

மருந்து, லேகியம், பூண்டு ஊறுகாய் எல்லாம் சமையலறை மேல்தட்டுல டப்பாவுல இருக்கு. இதுக்கு மேல எனக்கு எழுத ஒண்ணும் இல்லை.

நீலா


மன்ஹைம்
5.12.2004

அன்புள்ள நீலா,

உங்கள் கடிதத்தை அரக்கோணத்தில் ஒரு முறையும் விமானத்தில் ஒரு முறையும் படித்தேன். பதில் எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

குழந்தை நன்றாக இருக்கிறாள். நல்ல பசி, பெரிய குரல். காவ்யாவுக்குத் தையல் ஆறிவிட்டது. என்னிடம் ஒரு குறையும் சொல்வதில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை" என்று தன் துணியைத் தானே துவைக்கிறாள். நான் தலை வாரிவிடப் போனால் நானே வாரிக்கறேன் என்கிறாள். உங்கள் டப்பாக்களில் எல்லாம் மராத்தியில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது என்றுதானே? எனக்கு அது ஓடவில்லை. ஒவ்வொரு டப்பாவையும் அவளிடம் கொண்டுபோய் நீட்டுகிறேன். அவள் படித்துச் சொல்கிறாள். மூன்றாவது டப்பாவைப் படிக்கும்போது அழுதுவிட்டாள். அன்றுதான் சொன்னாள், ஆம்புலன்சில் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே போனாளாம், கூட இருந்தவருக்கு என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லையாம்.

ஒன்பது நாளுக்காக நான் வராமல் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை. நீங்கள் இருக்கும் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உங்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு விருந்தாளி மாதிரி நிற்க எனக்கு மனம் வரவில்லை. என் முறை வரட்டும், என் தொண்ணூறில் நான் நானாக இருந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். அதைக் கணக்காக்கி உங்களுக்கு எழுதினேன். சந்தோஷமாக இருக்கும் என்றீர்களே, அது இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, நீலா.

முந்தாநாள் அச்சுவை அழைத்துக்கொண்டு அந்த வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். என் மீதி நாட்களை என் சம்பந்திக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா, நான் இன்றே திரும்பிப் போகிறேன் என்று கேட்கச் சொன்னேன். அச்சு வெட்கப்பட்டான். அம்மா, அப்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். கேள் என்றேன். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முடியாது என்றார். உங்கள் ஆறு மாதம் பிப்ரவரி 19-உடன் முடிகிறதாம். புது விசா கிடைத்தால் 20-ஆம் தேதி நீங்கள் மறுபடி இறங்கலாமாம். என் தொண்ணூறும் அந்த 20-உடன் தீர்கிறது. மாலையில் எனக்கு விமானம்.

வருகிறீர்களா என்று கேட்கத் துணிவில்லை. காவ்யாவுக்காகக் கேட்கிறேன்.

நாகரத்தினம்


கட்கி
17.12.2004

அக்காவுக்கு,

எனக்குக் கோபம் போகலை. போயிடுச்சுன்னு எழுதினா பொய். ராத்திரி பகல் அந்த ஆம்புலன்ஸ்தான் கண்ணு முன்னாடி நிக்குது, நீங்க எழுதினதுக்கு அப்புறம் இன்னும் ஜாஸ்தி. இவரு உங்க லெட்டரைப் படிச்சுட்டு, "பாவம், அந்தம்மா போய்க் கேட்டிருக்காங்க பாரு"ன்னாரு. வாயை மூடுங்கன்னு சொன்னேன். அப்புறம் நானே ரெண்டு தடவை அந்த இடத்தைப் படிச்சேன். நீங்களா அப்படிக் கேட்டீங்க? ரூல்னா ரூல்னு நிக்கறவங்க! அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போயிருக்கும்னு நினைச்சு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு.

காவ்யா தலை வார விடலைன்னா கேக்காதீங்க, சீப்பை எடுத்துக்கிட்டுப் போய் பின்னாடி உக்காருங்க. சின்னதுலேர்ந்தே அப்படித்தான், வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே தலையைக் குடுப்பா. துணியைப் பிடுங்கி நீங்க துவைங்க. சண்டை போட்டா போடட்டும்.

ஜனவரி மூணாந்தேதி பம்பாய் போறோம். அந்தப் பொண்ணு எந்த ஃபாரம் குடுத்தாலும் எழுதறேன், எத்தனை நாள் குடுத்தாலும் வாங்கிக்கறேன், ஹிந்தியில விளக்கமெல்லாம் சொல்ல மாட்டேன். கிடைச்சா பிப்ரவரி 20-ஆம் தேதி காலையில வீட்டுக்கு வந்துடுவேன். சாயங்காலம் வரைக்கும் நீங்க இருப்பீங்க. மூட்டை கட்டறேன்னு உள்ளே போய் உக்காந்துக்காதீங்க.

நான் கதவைத் தட்டினா நீங்க திறங்க. மாப்பிள்ளை வேண்டாம், காவ்யா வேண்டாம். நீங்களே குழந்தையைத் தூக்கிட்டு வந்து என் கையில குடுங்க.

நீலா