பதினொரு விநாடி

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் இருபது நிமிடம் வாசித்தேன். இடது கை மோதிர விரல் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. மேடையை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. தகவல் விரலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இவர், "என்ன, இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சிடுச்சு?" என்றார். கல்யாணமாகி நாற்பது வருடம். என் கச்சேரியில் இவர் தூங்காமல் உட்கார்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் நிறுத்தினால் மட்டும் எப்படித்தான் கேட்குமோ.

மதியம் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் மேடையிலேயே பதிவான எங்கள் கச்சேரியை (நான் பெரிய வயலின் போலிருக்கும் செல்லோ, தங்கை பியானோ) மறுபடி வெளியிடப் போகிறார்களாம். "மேடம், அந்தப் பதினொரு விநாடி மௌனத்தைப் பத்தி நீங்க ஒரு பக்கம் எழுதித் தரணும். அட்டையிலேயே போடுறோம்."

சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காதே.

பிப்ரவரி 12, வியாழன்

எழுதவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

என்னிடம் செல்லோ கற்கும் மாணவி வந்தாள். அந்தக் கச்சேரியில் வாசித்த அதே இசையின் மெதுவான பகுதியைத்தான் கொண்டுவந்திருந்தாள். செல்லோ சேர வேண்டிய இடத்தில் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு அசைகிறது. எட்டு, ஒன்பது, பத்து... பதினொன்று முடிந்ததும் தொடங்கினாள்.

"எதுக்கும்மா எண்ணுறே?"

"நீங்க அப்படித்தானே செஞ்சீங்க மேடம்? எங்க காலேஜ்ல எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறோம்."

அச்சிட்ட இசைத்தாளில் அங்கே மௌனமே கிடையாது. இசையமைத்தவர் உயிரோடிருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருப்பார். சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 21, சனி

எழுத உட்கார்ந்தால் அதைத் தவிர மற்றதெல்லாம் ஞாபகம் வருகிறது.

சின்ன வயதில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மரத்தரை. செல்லோவைத் தரையில் ஊன்றும் அடிக்கம்பி குத்திக் குத்தி முன்னறை முழுக்கக் குழி. "வீட்டுக்காரர் வந்தா நீயே பதில் சொல்லிக்கோ, நான் வெளியே வரமாட்டேன்" என்பாள் அம்மா. காலி செய்த அன்று அப்பா மெழுகை உருக்கிக் கொடுக்க, நானும் தங்கை குட்டியும் தரையில் மண்டி போட்டு ஒவ்வொரு குழியாக அடைத்தோம். நாற்பத்து மூன்று குழிகள். குட்டிதான் எண்ணினாள். என்னைவிட ஐந்து வயது இளையவள். அறுபத்து மூன்று வயதிலும் எனக்குக் குட்டிதான்.

ரயிலில் செல்லோவுக்குத் தனி சீட்டு எடுப்போம். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர், ஜன்னலோரம் சால்வை போர்த்தி வைத்திருந்த பெட்டியைக் காட்டி "இது யாரு?" என்றார். "எங்க பெரியப்பா சார். இப்பதான் கண்ணசந்தார், எழுப்பாதீங்க" என்றாள் குட்டி. அந்த மனிதர் நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்!

மேடை ஏறும் முன் என் கை ஐஸாகிவிடும். குட்டி தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்ப்பாள். அவளும்தான் வாசிக்கப் போகிறாள். அவள் கையை யாராவது தேய்த்தார்களா? நான் கேட்டதே இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அந்த மௌனம் வந்த இடத்தில் பியானோ தனியாக இசைத்தாளின் எட்டுக் கட்டம் வாசிக்க வேண்டும். ஒன்பதாவதில் நான் சேர வேண்டும். குட்டி எட்டையும் பிசகாமல் வாசித்து முடித்தாள். எனக்கு மறந்துபோனது. இருநூறு தடவை வாசித்த இசை, முதல் நோட்டு என்னவென்றே தெரியவில்லை. முன்னால் இசைத்தாள் வைத்துக்கொள்ள மாட்டேன், மனப்பாடமாகத்தான் வாசிப்பேன் என்று திமிர் வேறு. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. பிறகு எப்படியோ கை தானாகப் போய் வாசித்தது.

முடிந்ததும் ஒப்பனை அறையில் குட்டி அழுதாள். "அக்கா, நான்தான் ஏழாவது கட்டத்திலயே முடிச்சிட்டேனா? அதான் நீ நின்னுட்டியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். "விடு. யாருக்கும் தெரியல" என்றேன்.

மறுநாள் பத்திரிகைகள் என் மௌனத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. பேட்டிகளில் நானும் ஏதேதோ தத்துவம் பேசினேன். குட்டி அந்த இசைத்தட்டின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இரண்டே வருடம் — "எனக்கு மேடை வேண்டாம்க்கா" என்று ஒதுங்கிக்கொண்டாள். ஒரு பள்ளியில் பியானோ டீச்சரானாள். நான் ஊர் ஊராகச் சுற்றினேன், விருது வாங்கினேன். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் போன் பேசுவோம். சண்டையே கிடையாது. சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 2, திங்கள்

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். அதுவே பெரிய விஷயம்.

"அட்டையில எழுதறது இருக்கட்டும். முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லு. கடையில வாங்கிப் படிச்சுத்தான் அவ தெரிஞ்சுக்கணுமா?"

மார்ச் 10, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இசை அறையில் சின்னச் சின்ன நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொட்டது. அந்த நிலையில்தான் சொன்னேன், பாதி அழுகையோடு.

குட்டி எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய இசைத்தாளை எடுத்தாள். நான் கொண்டுபோன பதிவைப் போடச் சொன்னாள். கட்டம் கட்டமாக விரலை வைத்துக்கொண்டே வந்தாள். எட்டாவது கட்டத்தின் முடிவில் விரல் நின்றது. மௌனம் முழுக்க விரலை எடுக்கவில்லை. மறுபடி போடச் சொன்னாள். மூன்று தடவை.

"சரியாதான் வாசிச்சிருக்கேன்" என்றாள், யாரோ அந்நியரைப் பற்றிச் சொல்வதுபோல.

பிறகு — "முப்பத்தொரு வருஷமா மெட்ரோனோம் டிக் டிக்னு தாளம் தட்டாம நான் பியானோ முன்னாடி உட்கார்ந்ததில்ல. உனக்குத் தெரியுமா? வீட்டிலகூட. தனியா இருக்கும்போதுகூட."

"குட்டி..."

"எழுந்திரு. அடுத்த கிளாஸ் பிள்ளைங்க வந்துடுவாங்க."

பேருந்தில் எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் என்ன பொம்பளை? அவ கையைத் திருடிட்டேனே!

மார்ச் 11, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன். நாலே வரி. எனக்கு மறந்துபோனது, மௌனம் என் யோசனை இல்லை, என் தங்கை ஒரு நோட்டும் தவறவில்லை, அவளிடம் இதை மறைத்தேன்.

கம்பெனிக்காரர் அரண்டுபோனார். "மேடம், அந்த மௌனத்துக்காகத்தானே வாங்குறாங்க. இது வேணுமா?"

"இது இல்லாட்டி ரெக்கார்டே வேண்டாம்" என்றேன். போட்டுவிடுவார்.

மார்ச் 29, ஞாயிறு

குட்டியிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 18, சனி

இசைத்தட்டு வந்துவிட்டது. பத்திரிகைகள் என்னைக் கிழி கிழியென்று கிழிக்கின்றன. கிழிக்கட்டும். நாளை குட்டியின் பிறந்தநாள். போன் செய்வதா வேண்டாமா?

ஏப்ரல் 19, ஞாயிறு

செய்தேன். எடுக்கவில்லை.

மே 3, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "ஜூன் பதினாலு எங்க ஸ்கூல் ஹால்ல வாசிக்கிறேன். தனியா. பக்கம் புரட்ட ஆள் வேணும்."

"நானா?"

"நோட்டு படிக்கத் தெரியும்ல?"

ஜூன் 14, ஞாயிறு

கறுப்பு உடை, வளையல் கூடாது, அவள் தலையசைத்தால் மட்டும் புரட்ட வேண்டும் — இத்தனை நிபந்தனை. இடது பக்கம் சற்றுப் பின்தள்ளி உட்காரவைத்தாள். கூட்டத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. மெட்ரோனோம் எங்கும் இல்லை. உதடும் அசையவில்லை.

எவ்வளவு அழகாக வாசித்தாள்! பக்கத்திலேயே இத்தனை வருடம் உட்கார்ந்து வாசித்தேன், என் சத்தத்தில் இவளைக் கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். கண் நிறைந்துவிட்டது. அவள் தலையசைத்ததைத் தவறவிட்டேன். அவளே இடது கையை நீட்டிச் சடாரென்று புரட்டி, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கைத்தட்டல் ஓய்ந்து உள்ளே வந்ததும் முதல் வேலையாக, "குட்டி, அது என் தப்பு" என்றேன்.

"பின்னே, என் தப்பா?" என்றாள். சொல்லிவிட்டு, தாங்க முடியாமல் சிரித்தாள்.