புட் டவுன்

வியாழன் இரவு, தருமபுரி

பள்ளி முடிந்ததும் நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். லாரியில் அடிபட்ட எங்கள் நாய் ராணியை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பு போயிடுச்சுங்க. ரொம்ப வலி. புட் டவுன் பண்ணிடலாங்க" என்றார்.

மாமா தலையாட்டினார். துண்டைத் தரையில் விரித்து, ராணியை மெல்ல இறக்கிப் படுக்க வைத்தார். "மடியில இருந்தா அதுக்கு வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லைப் பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் நடத்துகிறேன். கீழே வை, எழுதிக்கொள், மட்டம் தட்டு. டாக்டர் சொன்ன அர்த்தத்தை மட்டும் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிடுவேன்.

"மாமா, ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம்ங்கிறாருங்க."

"தூங்கட்டும்மா. எப்ப எந்திரிக்கும்?"

இதற்கு மேல் சுற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை.

"எந்திரிக்காதுங்க, மாமா."

அவர் குனிந்து ராணியை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார். "அப்படின்னா இங்க வெச்சே போடச் சொல்லும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வேட்டிகூட மாற்றாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட வேண்டும்.