விருப்பப் பாடம்: சங்கீதம்

1966 ஜூன் 11, சனி. தாம்பரம்

ஜோதியின் பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டுமாம், சங்கீதம் அல்லது சிறப்புத் தமிழ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐந்து வயதிலிருந்து சர்ச்சில் என் கொயரில் முன்வரிசையில் நிற்கிற பிள்ளை. டோவுக்கு முட்டியை மூடி, சோவுக்கு உள்ளங்கையைக் காட்டி, ஒவ்வொரு சுரத்துக்கும் நான் கை காட்டப் பாடி வளர்ந்தவள்.

அவள் தமிழ் எடுக்கிறாளாம்!

"ஏண்டி?"

"தமிழ்னா படிச்சா போதும்பா."

சோம்பேறிக் கழுதை. அம்மாக்காரி ரத்தினபாய் வேறு, "அவ இஷ்டத்துக்கு விடுங்களேன்" என்கிறாள். இவளை யார் கேட்டது?

ஜூன் 13, திங்கள்

சங்கீதம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜோதி சாப்பிடாமல் போனாள். போகட்டும். பசித்தால் தின்பாள்.

ஜூலை 9, சனி

திமிர் ஏறிவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நாலாவது தடவை கன்னத்தில் ஒன்று வைத்தேன். அப்படியே வெலவெலத்துப் போனாள். அழக்கூட இல்லை. கோயிலில் மட்டும் நல்ல பிள்ளை - பாட்டு முடிகிறவரை கண்ணை என்மேலிருந்து எடுப்பதில்லை. வீட்டில்தான் இந்த வீம்பு.

ரத்தினபாய் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 18, வியாழன்

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சங்கீத டீச்சர் செல்லம்மா வரச்சொல்லியிருந்தார். அரைநாள் லீவு போட்டுப் போனேன். "சுருதிப்பெட்டி ஒரு பக்கம் போகுது, உங்க பொண்ணு ஒரு பக்கம் போகுது சார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம். "பதினாலு வருஷமா கொயர் நடத்துறவன் மகள் அவ. நீங்க சொல்லிக்கொடுக்கிறது எப்படியோ?" என்று கேட்டேன். கேட்டேனே, பாவி.

அந்த அம்மா ஜோதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னை அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். சுருதிப்பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. இவள் டீச்சர் வாயைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள், வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். அப்புறம் திரும்பி என்னைத் தேடினாள்.

"அப்பா, கை காட்டுங்கப்பா."

வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அதைப் பார்த்துச் சரியாகப் பாடினாள் என் பிள்ளை.

ஆகஸ்ட் 22, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு காதிலும் நரம்பு போய்க்கொண்டிருக்கிறதாம். சின்ன வகுப்பில் டைபாய்டு வந்ததே, அதிலிருந்து இருக்கலாம். மருந்து இல்லை. மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர். கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

எலக்ட்ரிக் ரயிலில் அவள் நோட்டில் எழுதிக் கேட்டேன், ஏம்மா சொல்லவில்லை என்று.

"சொன்னா கொயர்லேருந்து எடுத்துடுவீங்க."

அந்தக் கன்னத்தில் அடித்தேனே. காதோடு சேர்த்து அடித்தேனே. கர்த்தாவே, என் கையை என்ன செய்யட்டும்? கொயரில் யார் அரைச் சுரம் தவறினாலும் கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்வேன். சொந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, அது தெரியவில்லை. நான் என்ன மனுஷன்?

ஆகஸ்ட் 24, புதன்

தலைமையாசிரியை மாற்றிக்கொடுத்தார். சிறப்புத் தமிழ். முதல் பெஞ்ச்.

ஆகஸ்ட் 27, சனி

கொயரில் பாட்டுப் பழக அவளைக் கூப்பிட்டேன். "வேணாம்பா, இனிமே எல்லாருக்கும் தெரியும்" என்றாள். ரத்தினபாய் அடுப்படியில் அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

கொயரில் அவள் இடம் காலி. மற்றவர்களைத் தள்ளி நின்று அதை நிரப்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜோதி அஞ்சாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில் இருந்தாள். கடைசி டோவுக்கு முட்டியை மூடியபோது அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன். மடியில் இருந்த அவள் கையும் மூடிக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை.