மாப்பிள்ளைக்கு எடுத்துவைத்த ஈரல்

மார்ச் 4

மாமனாரின் கறிக்கடையிலிருந்து இன்றும் டிபன் பாக்ஸ் வந்தது. எங்கள் ஒட்டுண்ணி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர் சாப்பாடு என்று நினைத்துத் திறந்துவிட்டார். உள்ளே செம்மறி ஈரல், நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. பாவம், மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

போன் செய்தேன். "மாப்ளே, நல்ல கட்டியாப் பாத்து உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். சின்னதையெல்லாம் நாய்ங்களுக்குப் போட்டுட்டேன்" என்றார். குரலில் அவ்வளவு பெருமை. மற்ற மாமனார்கள் கைக்கடிகாரம் வாங்கித் தருகிறார்கள். எனக்கு, ஆராய்ச்சிக்கென்று, நீர்க்கட்டி.

நாய்க்குப் போடக்கூடாது என்று சொல்லாமல் இல்லை. சொல்லும்போதெல்லாம் "சரி மாப்ளே" என்பார். கடை வாசலில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வியாபாரத்தை மேற்பார்வை பார்க்கும் ஒரு பழுப்பு நாய் உண்டு, மேனேஜர் என்று பெயர். அது ஒரு தடவை வாலை ஆட்டினால் போதும், அந்தச் சரி காற்றோடு போய்விடும். அதற்குமேல் அதட்டிச் சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

மார்ச் 9

நான்கு மாதமாக என் மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வாயு என்றாள். நானும் வாயு என்றேன். இன்று ஸ்கேன்.

திரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த பெண் ஏதோ கேட்டாள், பதில் சொன்னேனா என்று நினைவில்லை. உருண்டையாக, ஓரம் இரட்டைக் கோடாக. இதே படத்தை எத்தனை கூட்டங்களில் போட்டுக் காட்டியிருக்கிறேன்! கட்டிக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள்; நாய் அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் புழு; புழுவின் முட்டை நாயின் மலத்தில், மண்ணில், ரோமத்தில்; அங்கிருந்து மேயும் ஆட்டுக்கு, தப்பித் தவறி மனிதன் வாய்க்கு. பிறகு ஈரலில் உட்கார்ந்து வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் வளரும்.

ஊருக்குத்தான் உபதேசம். என் வீட்டில் வாயு.

மார்ச் 10

இன்று எதுவும் எழுத வரவில்லை. அவள் தூங்குகிறாள்.

மார்ச் 14

அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தோம். சில வாரம் மாத்திரை, பிறகு ஆபரேஷன். எடுக்கும்போது கட்டி உடைந்து நீர் உள்ளே சிந்தினால் என்ன ஆகும் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஆட்டு ஈரல நீங்க பாருங்க. உங்க மனைவி ஈரல நான் பாத்துக்கறேன்" என்றார். இவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாகிட்ட சும்மா கட்டின்னு மட்டும் சொல்லுங்க. எங்கருந்து வந்ததுன்னு சொல்லாதீங்க."

"சொல்லலேன்னா அவரு போட்டுக்கிட்டேதான் இருப்பாரு. அந்தத் தெருவுல எத்தனை குழந்தைங்க இருக்கு?"

"தெரியும். வேற எதாவது சொல்லி நிறுத்துங்க. அம்மா இல்லாத குறை தெரியாம வளர்த்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. அந்த மனுஷன்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதுல கை வைக்காதீங்க."

ஒரு வயதில் தாயை இழந்த குழந்தையைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்து, வெட்டுமரத்துக்குப் பின்னால் சாக்கு விரித்து வளர்த்தவர் அவர். அவர் இறைச்சி வெட்டும்போது குழந்தைக்குத் துணை நாய்கள்தான். என்னால் சரி என்றுதான் சொல்ல முடிந்தது.

மார்ச் 23

கடைக்குப் போனேன். வேறு ஏதாவது சொல்லி நிறுத்துவதாகத் திட்டம். "மாமா, அரசாங்கம் புதுசா உத்தரவு போடப் போகுது, நாய்க்குப் பச்சை ஈரல் போட்டா..." என்று இழுத்தேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, காது சூடாகிவிட்டது.

"போடட்டும் மாப்ளே. அரசாங்கமா வந்து இதுங்களுக்குச் சோறு போடுது?" என்று சொல்லிக்கொண்டே ஓர் ஓரத்துண்டை வீசினார். மேனேஜர் அது தரையைத் தொடும் முன்பே பிடித்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குப் பயமா இருக்கா? ராத்திரி தூங்கறாளா? சின்ன வயசுல காய்ச்சல்னாலே என் விரலப் பிடிச்சாத்தான் தூங்குவா."

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திரும்பி வந்தேன். வரும் வழியில் ஒரு வேலை மட்டும் செய்தேன். கடையைச் சுற்றி நாய்களின் கழிவைச் சேகரித்துக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு ஓர் ஆசாமி தெருவில் குனிந்து இதைப் பொறுக்குவதைப் பார்த்து ஒரு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 2

மேனேஜருக்குப் புழு இருக்கிறது. கடையைச் சுற்றித் திரியும் மற்ற மூன்று நாய்களுக்கும் இருக்கிறது.

இனி என்ன செய்வது? எல்லா நாய்க்கும் மாத்திரை கொடுக்கலாம். கொடுப்பேன். ஆனால் மறுநாளே அவர் ஈரல் போட்டால் திரும்பவும் வரும். சொல்லித்தான் ஆகணும். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே — ஐயோ, இது என்ன பாடு! ஆபரேஷன் முடியட்டும். அவளையே கேட்டுக்கொண்டு சொல்லலாம். அதுவரை கட்டியுள்ள ஈரல் முழுவதையும் எனக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஆராய்ச்சிக்கு அவசரம் என்று. வண்டி வண்டியாக வருகிறது. குளிர்பதனப் பெட்டியில் இடமில்லை.

ஏப்ரல் 19

நல்லபடியாக முடிந்தது. உடையவில்லை, சிந்தவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

காத்திருந்தது நானும் மாமாவும்தான். நல்ல சட்டை போட்டு, தலை படிய வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். கையில் ட்ரே. எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அவரை டீ குடிக்க அனுப்பியிருப்பேன்.

மாமா குனிந்து பார்த்தார். ட்ரேயில், நீரை உறிஞ்சிவிட்டு எடுத்த வெள்ளைச் சவ்வு, அவித்த முட்டையின் தோல் போல, சுருண்டு கிடந்தது. ஆயுள் முழுக்க ஈரல் அறுத்த கண்.

"இது ஆட்டு ஈரல்ல வர்றதாச்சே" என்றார்.

டாக்டருக்கு என்ன தெரியும்? சிரித்த முகமாகவே, "கரெக்டாச் சொல்றீங்களே! அதேதான். நாய் வழியா வர்றது. சின்ன வயசுல வீட்ல நாய் இருந்துச்சா?" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா மாப்ளே?"

"தெரியும் மாமா."

தலையை ஆட்டிவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதது நான்தான், அவர் இல்லை.

ஏப்ரல் 24

தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வராந்தாவோடு சரி, அறைக்குள் வருவதில்லை. பழம் வாங்கி என்னிடம் கொடுக்கிறார். "சாப்பிட்டாளான்னு கேளுங்க." கேட்டுச் சொல்கிறேன். "வலிக்குதான்னு கேளுங்க." கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் தபால்காரனாகிவிட்டேன்.

"உள்ள வாங்க மாமா."

"வேணாம். நான் கிட்ட போனா அவளுக்கு ஆகாது."

கடை பூட்டியே இருக்கிறதாம். மேனேஜர் மட்டும் வாசலில் உட்கார்ந்து பூட்டை மேற்பார்வை பார்க்கிறது.

மே 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது, அப்பா மேல்.

"எனக்கு அம்மா முகம் ஞாபகமே இல்ல. அந்த நாய்ங்க வயித்துல தலை வச்சுத் தூங்கினது ஞாபகம் இருக்கு. அந்தச் சூடு ஞாபகம் இருக்கு. அதையும் தப்புன்னு சொல்லப் போறாரா இவரு? போய்ச் சொல்லுங்க, எனக்குக் கட்டி வந்ததுல வலிக்கல, இவரு பேசாம இருக்கறதுலதான் வலிக்குதுன்னு."

போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

மே 11

மாமா ஆய்வகத்துக்கு வந்தார், இதுவரை வந்ததே இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார். "அந்தப் புழுவக் காட்டுங்க" என்றார். மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

"எந்த நாயிலருந்து வந்துச்சு?"

உண்மையைச் சொன்னேன். அது எந்த வருஷம் வந்தது, எந்த நாயிலிருந்து வந்தது என்று எந்த ஆராய்ச்சியாலும் சொல்ல முடியாது. உங்கள் கடை நாய்தான் என்றுகூட நிரூபிக்க முடியாது. பள்ளிக்கூட மைதானமாக இருக்கலாம், தெருக்கோடி மண்ணாக இருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அறிவியலே அப்படித்தான்.

"நாய் எதுவா இருந்தா என்ன மாப்ளே, போட்ட கை ஒண்ணுதானே" என்றார்.

 பிறகு, "வேக வச்சா செத்துடுமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வேண்டும் என்றேன். "அரை மணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

மே 20

கடை திறந்துவிட்டார். பின்பக்கம் அடுப்பு, பெரிய அண்டா. நாய்களுக்கு மாத்திரை கொடுக்க நான் போனால், என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றின் வாயையும் அவரே திறந்து போட்டார். மற்ற கறிக்கடைக்காரர்களையும் ஒருநாள் ஆய்வகத்துக்குக் கூட்டி வருகிறேன் என்றார்.

அவளைப் பற்றிக் கேட்டார். என்னிடம்தான்.

ஜூன் 8

இன்று காலை அவளே கிளம்பினாள். "அப்பா வர மாட்டாரு, நான் போறேன்." இருவருமாகப் போனோம், மெதுவாக, நிழல் பார்த்து.

எங்களைக் கண்டதும் மாமா கத்தியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "மாப்ளே, இந்த வெயில்ல எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" அவளைப் பார்க்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேனேஜர் எழுந்து வந்து அவள் மடியில் மோவாயை வைத்தது. மறுபரிசோதனையில் அதற்கு ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒரு நொடி திக்கென்றது. அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். அது கையெல்லாம் நக்கியது.  பின்பக்கம் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாள். தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, இன்னும் நான் கேட்கவில்லை.

"ஏய்! மொதல்ல கையக் கழுவுடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். முதுகு எங்கள் பக்கம், தோள் குலுங்கியது. திரும்பி வந்து இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். அவர் தயங்கினார். தன் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் அவள் கைகளைப் பிடித்துத் திருப்பி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் பார்த்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.

போனாள்.